ஆண்பிள்ளை அழலாமா?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள ஒரு மீனவக் குப்பத்தில் இளைஞர் கூட்டத்தில் பேசுமாறு நம்மை அழைத்திருந்தனர். வலை பின்னும் கூடத்தில்தான் கூட்டம். நாற்பது பேர் இருப்பர். முன்வரிசையில் ஓர் இளைஞன் தலையில் கட்டுடன் அமர்ந்திருந்தான். ஏழு தையல். அடுத்த குப்பத்து இளைஞரோடு கைப்பந்து ஆட்டத்தில் தொடங்கிய வாய்த்தகராறு, திருவிழா இரவில் கைகலப்பாகி, அவன் மண்டையில் வந்து முடிந்திருந்தது. முடிந்ததா இல்லையா என்பதுதான் உபதேசியாரின் கவலை. "இன்னும் ஓர் அடி பாக்கி இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள் சாமி. நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்" என்று அவர் நம்மிடம் கேட்டிருந்தார்.

நாமும் சொன்னோம். மலைப்பொழிவை எடுத்துக்கொண்டு, பகைவரை நேசிப்பது பற்றியும் மறு கன்னத்தைக் காட்டுவது பற்றியும் அரைமணி நேரம் பேசினோம். பிள்ளைகள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையே நமக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். முடித்ததும் தலைக்கட்டுக்காரன் எழுந்தான்.

"சாமி சொல்வது எல்லாம் சரிதான். பெண்பிள்ளைகளுக்கு அது ஆகும். அடி வாங்கிக்கொண்டு சும்மா வந்தவனை இந்தக் கரையில் எவன் ஆம்பளை என்று மதிப்பான்? நாளைக்குப் பங்கு பிரிக்கும்போதுகூட என் பேச்சு எடுபடாதே" என்றான். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்து, தயாராக வைத்திருந்த ஒரு பதிலைச் சொல்ல வாயெடுத்தோம்.

அப்போது கூடத்தின் கடைசியில், தூணில் சாய்ந்து நின்றிருந்த ஒருவர் பேசினார். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். "எதைக் கேட்பது என்று எங்களுக்கு முதலில் தெரியவேண்டும் சாமி. சுனாமியில் எங்கள் அப்பாவைப் புதைத்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு, 'ஆண்பிள்ளை அழலாமா? இனி அம்மாவுக்கு நீதான் துணை' என்று சொன்னது நீங்கள்தான். அன்றைக்கு நிறுத்தினேன். இன்றைக்கு மனதில் இரக்கம் வேண்டும் என்கிறீர்கள். அதை நான் எங்கே போய் எடுத்துவருவது?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் நம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். நாம் அப்போது குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உதவிப் பங்குத் தந்தை. அந்தத் தந்தையின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. அடக்கச் சடங்கில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மண்ணில் விழுந்து கதறியதும், அவனைத் தூக்கி நிறுத்தி நாம் ஏதோ சொன்னதும் நினைவில் உண்டு. ஆறுதல் சொன்னதாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தோம். அதற்கு அடுத்த ஆண்டே வேறு பங்கிற்கு மாற்றலாகிச் சென்றுவிட்டோம். அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று ஒருமுறையேனும் விசாரித்தோமா? இல்லை.

இம்மாதம் வேறு பொருளைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் வாக்களித்திருந்தோம். அதை ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

ஆண்மை என்றால் என்ன? இக்கேள்விக்கு நம் இளைஞர் முன் பல விடைகள் போட்டி போட்டுக்கொண்டு நிற்கின்றன. திரைப்படம் ஒரு விடை சொல்கிறது. அதில் கதாநாயகன் பத்துப் பேரை அடித்து வீழ்த்துகிறான், 'வேண்டாம்' என்ற பெண்ணைப் பின்தொடர்ந்து, இறுதியில் அவளும் இணங்கிவிடுகிறாள். சாராயக்கடை ஒரு விடை சொல்கிறது. சாதிச் சங்கத்து மேடை இன்னொன்றைச் சொல்கிறது. கைத்தொலைபேசியில் நாள்தோறும் வந்து கொட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டிலும் நாம் ஒன்றைச் சொல்லித்தான் வளர்க்கிறோம். விழுந்து அழும் மூன்று வயதுப் பையனிடம் 'ஆம்பளைச் சிங்கம் அழுமா' என்று கேட்காத தாய்மார் எத்தனை பேர்? தாய்மாரைச் சொல்லுகையில் குருக்களாகிய நம்மை விட்டுவிடக் கூடாது என்பதைத்தான் அந்த மனிதர் நினைவூட்டினார்.

மாமல்லபுரத்தின் பெயரிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. மாமல்லன் என்றால் பெரும் மற்போர் வீரன். வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர் அது. ஆனால் அவ்வூர்ச் சிற்பிகள் செதுக்கியவை மற்போர்க் காட்சிகள் மட்டுமல்ல. கிருஷ்ண மண்டபத்திற்குள் சென்று பாருங்கள். மலையையே தூக்கிப் பிடித்து நிற்கும் தெய்வ உருவத்தைச் சிற்பி பெரிதாகச் செதுக்கியிருக்கிறான்; அதே பாறையில் சற்றுத் தள்ளி, ஓர் ஆயன் குந்தி அமர்ந்து பால் கறக்கிறான், பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. சுற்றுலா வருவோர் நின்று பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பசுவைத்தான். அது நம் சமயச் சிற்பம் அன்று. எனினும் வலிமையின் அருகிலேயே பரிவையும் வைத்த அக்கைக்கு வணக்கம் செலுத்த நமக்குத் தடையில்லை.

வள்ளுவர் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். 'பேராண்மை' என்னும் சொல்லை அவர் இரண்டு குறள்களில் ஆள்கிறார். முதலாவது 148ஆம் குறள்: பிறன் மனைவியை விரும்பி நோக்காதிருப்பதே பேராண்மை என்கிறார். கண்ணை அடக்குவதை ஆண்மை என்றது மட்டுமல்ல, பேராண்மை என்றே சொன்னதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது 773ஆம் குறள், படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது. பகைவன்மேல் கண்ணோட்டமின்றிப் பாயும் வீரத்தைப் பேராண்மை என்பர். ஆனால் அப்பகைவனுக்கே ஒரு தாழ்வு நேர்ந்தால் அவனுக்கு உதவும் ஊராண்மை இருக்கிறதே, அதுவே அந்த வீரத்தின் கூர்மை என்கிறார். பரிமேலழகர் இதற்கு எடுத்துக்காட்டாக, படையெல்லாம் இழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை இராமபிரான் இன்று போய் நாளை வரும்படி விடுத்ததைக் கூறுவார். இரக்கம் வீரத்திற்கு மாற்றாக வைக்கப்பட்டதன்று. அதன் முனையாக வைக்கப்பட்டது. இரக்கமில்லாத வீரம் முனை மழுங்கிய வாள் என்றாகிறது. போர்க்களத்தைப் பாடும் அதிகாரத்திலேயே இதைச் சொல்லும் துணிவு வள்ளுவருக்கு இருந்தது.

நம் வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர். ஆதலால் இவ்விரு குறள்களிலும் அவர் கை பட்டிருக்கிறது. அவரே ஒரு காப்பியம் பாட விரும்பியபோது யாரைத் தலைவனாகக் கொண்டார்? காப்பியத் தலைவன் தனக்கு ஒப்பில்லாதவனாய் இருக்கவேண்டும் என்பது தண்டியலங்கார விதி. படை நடத்திய மன்னர் விவிலியத்தில் பலர் உண்டு. அவர்களை விட்டு, சூசையப்பர் என்னும் தச்சரை அவர் தெரிந்துகொண்டார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் 3615 பாடல்களுக்கும் தலைவர், நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தையேனும் பேசாத மனிதர். அவர் செய்த முதற்காரியம் என்ன? தமக்கு மண ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கக் கண்டும், அவளை ஊரார் முன் நிறுத்த அவர் விரும்பவில்லை. 'மானம் போயிற்று' என்று அரிவாள் எடுக்கும் நம் நாட்டில், செங்கல்பட்டு மறைமாவட்டப் பேராலயம் அந்தத் தச்சரின் பெயரால் விளங்குகிறது.

இனி, எழுதக் கை கூசும் ஒரு நிகழ்ச்சி. 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை ஏறத்தாழ ஆறரை மணி. நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். செங்கல்பட்டுப் பக்கத்தில் தாம் வேலை பார்த்த அலுவலகத்திற்கு வர மின்ரயிலுக்காகக் காத்திருந்த 24 வயதுப் பெண்ணை ஒருவன் அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டு நடந்து சென்றான். கைது செய்யப்பட்ட இளைஞர், வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அவ்வாண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்துபோனார். ஆகவே குற்றவாளி யார் என்பதை எந்த நீதிமன்றமும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. நாமும் சொல்லத் துணியோம். நாம் எண்ணிப் பார்ப்பது நடைமேடையில் நின்றிருந்தவர்களைப் பற்றி. அவனை யாரும் தடுக்கவில்லை. அவள் உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. உயர்நீதிமன்றமே அதைக் குறித்து மனம் நொந்து கேள்வி எழுப்பிற்று.

அந்த நடைமேடையில் ஆண்கள் இல்லையா? இருந்தார்கள். திரையரங்கில் கதாநாயகன் பாயும்போது சீட்டியடித்த ஆண்கள் சிலரும் அவர்களில் இருந்திருக்கக்கூடும். அவர்களைக் கல்லால் அடிக்க நாம் முன்வரவில்லை. நாம் நின்றிருந்தால் ஓடியிருப்போமா, அருகே சென்றிருப்போமா என்று பலமுறை நம்மையே கேட்டுப் பார்த்திருக்கிறோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் விலகிச் சென்றவர்களுள் முதல்வர் ஒரு குரு என்பதை ஆண்டவர் சொல்லாமல் விடவில்லை. அரிவாளுடன் நிற்பவனைத் தடுக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்க்காது. ஆனால் விழுந்து கிடப்பவள் அருகே முழந்தாளிட, ஒரு துணியால் போர்த்த, என்ன உடல்வலிமை வேண்டியிருந்தது?

அந்த உவமையில், சமாரியன் அடிபட்டவனைக் கண்டு இரக்கம் கொண்டான் என்று புனித லூக்காஸ் எழுதுமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல், குடல் கலங்குவதைக் குறிப்பது. 'வயிறு கலங்கிப்போயிற்று' என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதுதான். எபிரேய மொழியிலோ இரக்கம் என்னும் சொல் தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு பிறந்தது. குருமடத்தில் இதை முதன்முதல் கேட்டபோது வியந்தோம். அதனினும் வியப்பு, 103ஆம் திருப்பாடலில் ஒரு தந்தை தன் பிள்ளைகள்மேல் இரங்குவதைச் சொல்லுமிடத்திலும் அதே வேர்ச்சொல்லே நிற்பது. தகப்பனுக்கும் ஒரு பெற்ற வயிறு உண்டு என்று அந்தப் பழைய மொழி நம்புகிறது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு சிறுவனின் தோளைப் பிடித்தபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

கரையோரத்துப் பிள்ளைகளுக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டியது மலைப்பொழிவு அல்ல, இராயப்பரின் கதை. அவரும் மீனவர்தாம். முன்கோபி. கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவி, தலைமைக் குருவின் ஊழியன் மால்குஸின் காதை வெட்டியவர் அவர். ஒளிந்து வந்து தாக்கவில்லை. படைக்கலம் தாங்கி வந்த கூட்டத்தின் முன்னே, தம் குருவுக்காக, உயிரைப் பொருட்படுத்தாமல் வாளெடுத்தார். கரையார் கணக்கில் அதுவே ஆண்மை. ஆண்டவரோ வாளை உறையில் போடச் சொல்லி, பகைவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். அதன்பின் எத்தனை மணி நேரம்? கோழி கூவுமுன், நெருப்பருகே நின்ற ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட ஒரே கேள்விக்கு அந்த வாள்வீரரால் பதில் சொல்ல முடியவில்லை. கை வலிமை அங்கே உதவவில்லை. பின் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். திருச்சபை அந்த அழுகையை மறைக்கவில்லை; நான்கு நற்செய்தியாளருள் மூவர் அதை எழுதி வைத்தார்கள். திறவுகோல்களைப் பெற்றவர் அழுதவர்.

மறு கன்னத்தைப் பற்றியும் ஒரு சொல். அடிக்கு அஞ்சி ஒடுங்கி நிற்பதை ஆண்டவர் கற்பித்தார் என்று அந்த இளைஞன் எண்ணியிருக்கிறான். நாம்தான் அப்படி எண்ண வைத்திருக்கிறோம். அன்னாஸின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது ஆண்டவர் என்ன செய்தார்? கை ஓங்கவில்லை, தலை குனியவுமில்லை. தாம் பேசியது தவறென்றால் எடுத்துக்காட்டும்படியும், சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் அவனை நேருக்கு நேர் கேட்டார். கட்டுண்ட கைகளோடு நின்றவர் கேட்ட கேள்வி அது. அருளப்பர் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

தொலைவில் தேடவேண்டாம், செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு வருவோம். இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அவ்விடம், 1955க்கு முன் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது. கொல்லிமலையில் 1914இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் என்னும் மருத்துவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை சிகிச்சை செய்துவந்தார். 1947இல் டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க அவர் இங்கே வந்தார். இருவரும் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், அதனாலென்ன? தொழுநோயாளியின் அருகில் செல்லவே மருத்துவர்களும் அஞ்சிய காலம் அது. விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் இறுகிய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்க முடியவில்லை. அந்தப் பிடி அவ்வளவு வலியது. நோயாளிக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை, உணர்ச்சி செத்திருந்தது. செத்தது தசை அன்று, நரம்பின் உணர்வே என்பதற்கும், உயிருள்ள தசையின் நாணை மாற்றி இணைத்தால் விரல்கள் மீண்டும் நிமிரும் என்பதற்கும் அந்த வலியே அவருக்குத் தடயமாயிற்று. பின்னர் வேலூரில் அவர் செய்த அறுவைகள் உலகெங்கும் எத்தனையோ தொழுநோயாளரின் கைகளைத் திறந்தன. மருத்துவம் படிக்குமுன் சில ஆண்டுகள் கட்டட வேலை பழகிய கை அவருடையது. மொலொக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889இல் 49ஆம் வயதில் இறந்து, 2009இல் புனிதராக உயர்த்தப்பட்ட தந்தை தமியானும் அப்படித்தான். உழவர் வீட்டுப் பிள்ளை, தச்சு வேலை தெரிந்தவர், தம் மக்களுக்குச் சவப்பெட்டியும் தாமே செய்தவர்.

அந்தக் கையை நாம் பலகாலம் எண்ணியதுண்டு. பிடியில் வலிமை குறையவில்லை. பிடிப்பது எது, எவ்வளவு வலிக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. நம் குப்பத்து இளைஞரின் கைகளும் தளர்ந்தவை அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகர்களுக்குள் படகை ஓட்டிச் சென்று முன்பின் அறியாதவர்களை ஏற்றி வந்தவர்கள் மீனவர்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவ இளைஞர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிய, பெண்கள் அவர் முதுகைப் படியாக மிதித்துப் படகில் ஏறிய காட்சியை நாடே கண்டது. அவரை அன்று எவரும் ஆம்பளை அல்ல என்று சொல்லவில்லை. வெள்ளம் வடிந்ததும் இந்தக் கணக்கு ஏன் மறந்துபோகிறது என்பதே நம் கேள்வி.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் அந்த மனிதரின் வீட்டைத் தேடிச் சென்றோம். திண்ணையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் ஒன்றிரண்டு செய்திகளைச் சொன்னார்: நல்ல உழைப்பாளி, குடித்தாலும் கை நீட்டமாட்டார், ஆனால் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோதுகூட அருகே வந்து உட்காரத் தெரியாமல் வாசலிலேயே நின்றார் என்று. "இவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பத்து வருஷமாகத் தேடுகிறேன் சாமி" என்றார் அந்த அம்மாள்.

"தம்பி, அன்று நான் சொன்னது தவறு. என்னை மன்னிக்கவேண்டும்" என்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பு வழங்கிய வாய்க்கு, அதைக் கேட்பது அத்தனை எளிதாக இல்லை. அவர் நிமிரவில்லை. நூலைக் கடித்து அறுத்தார். மனைவியிடம் தேநீர் போடச் சொன்னார். நெடுநேரம் கழித்து, "அப்பாவைப் புதைத்த இடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா சாமி? எனக்கு மறந்துபோயிற்று. அதற்கப்புறம் நான் போகவே இல்லை" என்றார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் இருவரும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். சிலுவை உளுத்துப் போயிருந்தது. சவுக்கு மரம் ஒன்றை அடையாளமாகக் கொண்டு ஒருவாறு கண்டுபிடித்தோம். அங்கே நிகழ்ந்ததை எழுதுவது முறையன்று. வெயில் ஏறிய பிறகே திரும்பினோம். வாயிற்கதவருகே, தலைக்கட்டு இன்னும் பிரிக்கப்படாத அந்த இளைஞன் நின்றிருந்தான். அவனை யாரும் அழைத்திருக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றான் என்றும் தெரியவில்லை. ஒன்றும் பேசாமல், தன் அண்ணன் முறையான அம்மனிதரின் பின்னே அவனும் கடற்கரைப் பக்கமாக நடந்தான்.